முள் இறங்காத சிலிண்டர்

மஸ்கட்டிலிருந்து லீவுக்கு வந்த உதயசூரியன், அண்ணி அருணாவுக்கு ஒரு சேலை, அண்ணன் மகள் ஹரிணிக்கு ஒரு வாட்ச், செத்துப்போன அண்ணனுக்கு ஒரு ரெகுலேட்டர் வாங்கி வந்திருந்தான்.

அண்ணன் சிவபிரகாஷ் கடைசியாகப் போனில் கேட்டது அதைத்தான். போட்டிகளில் ஹரிணி சுடும் ஏர் ரைஃபிளில் காற்று குறையக் குறையக் குண்டின் வேகம் மாறுகிறது. இந்தச் சின்னப் பித்தளைச் சாமானை உள்ளே போட்டால் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரே அளவு காற்று போகும் என்றார். அது வந்து சேருமுன் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் உயிர் போனதுகூட அந்தத் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயேதான். பின்கட்டு அறையில் கைப்பம்பால் அதன் சிலிண்டருக்குக் காற்றடித்து முடித்து, "ரெடிம்மா" என்று மகளுக்குக் குரல் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். அதோடு சரி. விராலிமலையிலிருந்து ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அவரு கடைசி மூச்சு இதுக்குள்ளதான் இருக்கு" என்றாள் அருணா. துக்க வீட்டில் யார் போய் வாதாடுவது? ஆனால் மாதங்கள் கழிந்த பிறகும் அவள் துப்பாக்கியைச் சுட விடவில்லை. காலையில் குளித்துவிட்டு வந்து, சிலிண்டரில் காற்றின் அளவைக் காட்டும் மீட்டரைப் பார்ப்பாள். முள் அவர் விட்ட இடத்தில் நின்றால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

இன்னொன்றை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாசல் தெளிக்க எழும் சில விடியற்காலைகளில், சாத்திய பின்கட்டு அறைக்குள் பம்பு அடிக்கிற சத்தம் கேட்கும். புஸ்... புஸ்... நடுநடுவே மூச்சிரைப்பு. முதல் தடவை அவள் பயந்து வாசலுக்கே ஓடிவிட்டாள். போகப் போகப் பயம் போய் ஆசை வந்தது. கதவைத் திறந்தால் வந்தவர் போய்விடுவாரோ என்று, வாளியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, கதவில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிற்பாள். பைத்தியம் என்று ஊர் சொல்லும். சொன்னால் சொல்லட்டும், அவளுக்கு அது போதுமாயிருந்தது.

"அண்ணி, ரெகுலேட்டரைப் போட சிலிண்டரைக் கழட்டணும். உள்ள இருக்க காத்தை முழுசா எறக்காம கழட்டக் கூடாது" என்றான் உதயசூரியன். "அடுத்த மாசம் ஹரிணிக்கு ஸ்டேட் செலக்சன். அண்ணன் ஆசைப்பட்டது."

அருணா மீட்டர் முள்ளை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு, "மெதுவா விடுங்க தம்பி" என்றாள்.

அவன் திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தினான். காற்று சீறிக்கொண்டு வந்தது. அருணா உள்ளங்கையைக் கொஞ்சம் தள்ளி நீட்டினாள். சில்லென்று இருந்தது. முள் இறங்கி இறங்கிப் பூஜ்யத்தில் படுத்ததும் அவளுக்கு இரண்டாவது தடவையாகத் தாலி இறங்கியது போலிருந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிலிண்டரைக் கழற்றியவன் அதன் கழுத்திலிருந்த ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"என்ன அண்ணி இது? ஓ-ரிங் கிழிஞ்சு ரொம்ப நாளாச்சே. இதுல ஒரு வாரங்கூடக் காத்து நிக்காது. எப்படி முள்ளு எறங்காம இருந்துச்சு?"

அருணாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அவருதான் தம்பி. அவரே வந்து அடிச்சுட்டுப் போறாரு. நான் எத்தனை தடவ காதால கேட்டிருக்கேன்!"

மஸ்கட் வெயிலுக்கு அசையாத உதயசூரியனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கையிலிருந்த ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தான்.

"நான்தாம்மா அடிச்சேன்."

ஹரிணி சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். "ஓடிப் பழகப் போறேன்னு சொல்லிட்டுக் கொல்லக் கதவு வழியா உள்ள வருவேன். ஒரு நாளு முள்ளு எறங்கிருந்துச்சு. அன்னைக்கு முழுக்க நீங்க பச்சத் தண்ணி குடிக்கல. அதான்..."

அருணா மகளின் கைகளைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. எத்தனை விடியலில் அந்தக் கதவுக்கு வெளியே பூரித்துப்போய் நின்றிருக்கிறாள்! உள்ளே இந்தப் பிள்ளை, அப்பன் உயிரைக் குடித்த பம்பைத் தனியாக அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. செத்தவர் போய்விடக் கூடாதென்று பெற்ற பெண்ணைக் கைவிட்டோமே என்று நினைத்தபடி அந்தக் காய்ப்பைத் தடவினாள்.

"ஒனக்குப் பயமா இல்லையாடி?"

"இருந்துச்சும்மா. அடிச்சு முடிச்சதும் நெஞ்சு படபடன்னு அடிக்கும். கண்ணு இருட்டும். ஆனா உக்கார மாட்டேன். அப்பா உக்காந்ததுனாலதானே எந்திரிக்கல? மூச்சு அடங்குற வரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பேன்."

அருணா தரையில் சரிந்து உட்கார்ந்து, மகளையும் இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.