அண்ணன் பேரில் ஒரு சலவைக்கடை

"கடை என்னோடதே இல்ல. அண்ணனோடது. நான் அங்க சம்பளத்துக்கு நிக்கிறவன்."

கண்ணைக்கூட இமைக்காமல் சொன்னான் கணவன். வக்கீலம்மாவின் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவி அவனை முறைத்தாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவளும் சேர்ந்து உண்டாக்கிய சலவைக்கடை. இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு முழங்கைவரை இருக்கிறது. விவாகரத்துக்கு முன் இருவரும் சொத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றதுமே, கடை சத்தமில்லாமல் அண்ணன் பேருக்குப் போய்விட்டது. அதில் பங்கு வந்தால்தான் அவளும் மகளும் தனியாக ஒரு வீடு பிடிக்க முடியும்.

"அப்போ இத்தனை வருஷம் நான் யாருக்குத் துவைச்சேன்? அத்தான், என் கூலி பாக்கியை நீங்க தர்றீங்களா?" கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

கணவனின் அண்ணன் தொண்டையைச் செருமினார். "பொம்பளைக்கு எதுக்கும்மா கணக்கு வழக்கு? குடுக்கிறதை வாங்கிட்டுப் போறதுதான் குடும்பத்துக்கு அழகு."

அழகாம் அழகு! துவைக்கும்போது வீட்டு மருமகள், பங்கு கேட்டால் மட்டும் யாரோ எவளோ. நல்ல நியாயம்!

அவள் அழவில்லை. "வக்கீலம்மா, அவர் சொன்னதையே எழுதுங்க. கடை அண்ணனுக்கே சொந்தம், தனக்கு என்னைக்கும் அதுல பாத்தியதை இல்லைன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடட்டும்."

"யோசிச்சுதான் பேசுறியாம்மா? உனக்குக் காலணா தேறாது" என்றாள் வக்கீலம்மா.

"நல்லா யோசிச்சிட்டேன்."

வக்கீலம்மா எழுதி நீட்டினாள். கணவன் இளித்துக்கொண்டே பேனாவை எடுத்தான். அதற்குள் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை.

"சட்டுன்னு போடுடா தம்பி. அடுத்த வாரம் என் மச்சினனைக் கல்லாவுல உட்கார வைக்கணும்."

பேனா நின்றது. "உன் மச்சினனையா?"

"பின்னே? கடை யாரோடதுன்னு நீதானேடா இப்போ சொன்னே?"

கணவன் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "அண்ணே! இவளைக் கழட்டிவிட்டதும் திருப்பி எழுதித் தர்றேன்னு சொன்னியே! கடை என்னோடதுதானே!"

வக்கீலம்மா நிதானமாக வேறொரு தாளை எடுத்தாள்.

"இப்போ சொன்னதை எழுதிக்கிறேன்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து தம்பி மனைவியிடம் பாய்ந்தார். "கூடப்பிறந்தவங்களையே பிரிச்சிட்டியேடி! குடும்பமே உடைஞ்சு போச்சு!"

"நான் உண்மையை மட்டும்தான் கேட்டேன், அத்தான்" என்றாள் அவள், உட்கார்ந்தபடியே. "அதுக்கே உடைஞ்சு போற குடும்பத்துக்கா நான் இத்தனை நாள் அடங்கிக் கிடந்தேன்?"