நெப்டியூன் கரையேறிய நாள்

கடல்சாமிக்குத் தண்டனை கொடுக்கிறேன் பேர்வழி என்று அவரைக் கடலிலேயே தள்ளிவிட்ட புத்திசாலியை வேறு எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? ரோமாபுரிக்குத் தெற்கே, மிசேனம் முனையருகே, எங்கள் துறைமுகத்துக்கு வந்தால் பார்க்கலாம்.

நகரத் தலைவர் நுமிசியஸ் செய்த காரியம் அது. குளிர்காலத்தில் கடலில் கப்பல் விடக் கூடாது என்பது பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். இவர்தான் பெரிய மனிதராயிற்றே! எல்லோருக்கும் முந்தி என் கோதுமை ரோமாபுரிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று அனுப்பிவைத்தார். கப்பல் புயலில் மூழ்கியது. அவருடைய ஒரே மகன் டெசிமஸும் அதோடு போய்விட்டான்.

மனிதர் ஆடிப்போனார். உட்கார்ந்து அழுதிருக்கலாம். அழவில்லை. சந்தை நடுவே ஆசனம் போட்டு உட்கார்ந்து கடல்சாமி நெப்டியூன் மேல் வழக்கு நடத்தினார். சாமி பதில் சொல்லவில்லை, ஆகவே குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று தீர்ப்பு. கோவிலில் இருந்த வெண்கலச் சிலையைக் கயிறு கட்டித் தரதரவென்று இழுத்து வந்து துறையில் தள்ளினார்கள். இனிமேல் கோடை விழா ஊர்வலத்தில் நெப்டியூனுக்கு இடமில்லை என்றும் அறிவித்தார்கள்.

"தண்டனையாமே தண்டனை! அவரை அவரு வீட்டுக்குல்ல அனுப்பி வச்சிருக்காங்க!" என்று மீன்காரி முர்டியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துறைமுகமே சிரித்தது. ஒபில்லியாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கப்பலில் சுக்கான் பிடித்தவன் அவள் புருஷன் பக்கூவியஸ். உடல்கூடக் கிடைக்கவில்லை. கடலில் போனவனுக்கு எங்கள் ஊரில் கல்லறை இல்லை. ஆனால் ஒரு வழி உண்டு. கோடை விழாவன்று சாமிகளைத் தோளில் சுமந்து குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போகும்போது, நெப்டியூன் துறையருகே வந்ததும் ஊர்வலம் நிற்கும். அந்த வருஷம் கடலில் போனவர்களின் வீட்டார் சாமியின் முகத்தைப் பார்த்து அவர்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். அப்போதுதான் அவர் பிடியை விடுவார். போனவன் இறந்தவர்களின் ஊருக்குப் போய்ச் சேருவான். அந்த வருஷத்துப் பெயரை அந்த வருஷமே கூப்பிட்டாக வேண்டும். தவறினால் தவறியதுதான், அவன் காலத்துக்கும் கரையோரம் திரிய வேண்டியவன்.

பக்கூவியஸ் இருட்டைக் கண்டால் பயப்படுகிற ஆள். விளக்கை அணைக்க விடமாட்டான். அதை நினைத்து நினைத்தே ஒபில்லியா சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தாள். விழா நெருங்கியபோது எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, முத்துக்குளிப்பவர்போல் மூழ்கித் துறையில் விழுந்த சரக்கை எடுக்கும் ஆட்களின் தலைவன் ஹைலஸிடம் போனாள்.

"அண்ணே, சாமியை மேல தூக்கணும்."

ஹைலஸ் வாயில் வைத்த அத்திப்பழத்தை எடுத்துவிட்டான். "உனக்கென்ன பித்துப் பிடிச்சிருச்சா? தலைவருக்குத் தெரிஞ்சா துறைமுக வேலை மொத்தமும் போயிரும். எத்தனை வயிறு இருக்கு தெரியுமா?"

"என் புருஷனுக்கு இப்ப வயிறு இல்லண்ணே. பேரு ஒண்ணுதான் இருக்கு."

ஹைலஸ் தலையைச் சொறிந்தான். "யாருக்கும் தெரியாம ராத்திரியில வேணும்னா..."

"ராத்திரி தூக்கினா காலையில திரும்பத் தள்ளிருவாரு. ஊர்வலம் வர்ற நேரத்துல, ஊரே பார்க்கத் தூக்கணும். அப்புறம் எப்படித் தள்றாருன்னு பார்க்கிறேன்."

"சரி தாயி, முங்குறது யாரு?"

"நான்தான்."

"நீயா? வலை பிரிக்கிறவ வேலையா இது?"

"எங்கப்பன் பாயாக் கடல்ல சிப்பி எடுத்தவன்டா! நீ மூக்கை ஒழுக்கிக்கிட்டுத் திரிஞ்சப்பவே நான் மூச்சடக்கி முங்கினவ. நீ கரையில நின்னு பாரந்தூக்கியைச் சுத்து, போதும்." கோபத்தில் அண்ணன் போய் 'டா' வந்துவிட்டது. ஹைலஸ் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

விழா நாள் வந்தது. கரை நெடுக இலைதழைகளால் குடில் கட்டி, ஜனங்கள் மதுவும் வறுத்த கொண்டைக்கடலையுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. மேட்டிலிருந்து ஊர்வலத்தின் எக்காளச் சத்தம் கேட்டதும் ஒபில்லியா உடையை வரிந்து கட்டினாள். இடுப்பில் பாரந்தூக்கியின் கயிறு, அடிக்கு இழுத்துப் போகக் கையில் பாறாங்கல். நேராகக் குதித்தாள்.

முதல் தடவை கிடைக்கவில்லை. சேறு கலங்கிக் கண் தெரியவில்லை. மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கினாள். காதில் ரத்தம்.

"போதும்டீ, வந்துரு!" என்று முர்டியா கத்தினாள்.

"வாயை மூடிக்கிட்டு இன்னொரு கல்லைக் குடு!"

இரண்டாம் தடவை கைக்கு ஒரு குளிர்ந்த கால் தட்டுப்பட்டது. சாமி தலைகுப்புறச் சேற்றில் புதைந்து கிடந்தார். என்ன கோலம் இது என்று அந்த மூச்சுமுட்டலிலும் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவர் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள். நெஞ்சு வெடிக்கப் போகிறது என்ற நேரத்தில் காலை உதைத்து மேலே வந்தாள்.

"கட்டியாச்சு! சுத்துங்க!"

ஹைலஸும் அவன் ஆட்களும் கைகட்டி நின்றார்கள். முர்டியாதான் பாரந்தூக்கியின் கட்டையைப் பிடித்தாள். பின்னாலேயே நாலைந்து பெண்கள். கயிறு விறைத்தது, ஆனால் சிலை அசையவில்லை. முர்டியாவுக்கு வந்ததே கோபம்.

"என்னங்கடா வேடிக்கை பார்க்கறீங்க? நீங்கள்லாம் சாகாவரம் வாங்கிட்டு வந்தவங்களா? அடுத்த வருஷம் உங்க பேரை யாருடா கூப்பிடுவா?"

"நாசமாப் போச்சு போ!" என்று ஹைலஸ் யாரையோ திட்டிக்கொண்டே ஓடிவந்து கட்டையில் தோளைக் கொடுத்தான். அவன் வந்ததும் மற்றவர்களும் விழுந்தடித்துக்கொண்டு வந்தார்கள். பாரந்தூக்கி கிறீச்சிட்டுச் சுற்றியது.

முதலில் கால் வந்தது. பிறகு இடுப்பு, கடைசியாகத் தாடி நிறையப் பாசியும் சிப்பியுமாகத் தலை. அக்குளிலிருந்து ஒரு நண்டு தாவி ஓடியது. ஹைலஸ் தண்ணீரில் குதித்து அவரைப் புரட்டி நிமிர்த்தி, கயிறோடு துறை விளிம்பில் நிறுத்தினான். அடடா, கோவிலில் பளபளவென்று நின்றபோது இருந்ததைவிட இப்போதுதான் அவர் சாமி மாதிரி இருந்தார்! கரையில் எழுந்த கூச்சலில் எக்காளம் ஊதியவர்கள் ஊதுவதை நிறுத்திவிட்டார்கள்.

அதே நேரம் ஜூபிடர், ஜூனோ என்று மற்ற சாமிகளையெல்லாம் பின்னால் வைத்துக்கொண்டு நுமிசியஸ் வந்து சேர்ந்தார். பார்த்ததும் அலறினார்.

"கயித்தை வெட்டுங்கடா!"

காவலன் கோடாலியோடு வந்தான். ஒபில்லியா சேறு சொட்டச் சொட்டக் கரையேறிச் சிலைக்கு முன்னால் நின்றாள்.

"வெட்டுங்கய்யா. வெட்டிட்டு, டெசிமஸ் தம்பி பேரை எங்க நின்னு கூப்பிடப் போறீங்கன்னு சொல்லிட்டுப் போங்க."

காவலன் கை அப்படியே நின்றது.

"என் புள்ளையைத் தின்னவன் இவன்!" என்று நுமிசியஸ் கத்தினார். "இவன்கிட்டப் போய்க் கெஞ்சச் சொல்றியா?"

"குளிர்காலத்துல கப்பலை அனுப்பினது சாமியாய்யா?"

ஒபில்லியாவின் தலையை எடுக்கச் சொல்லப் போகிறார் என்றே முர்டியா நினைத்தாளாம். ஒபில்லியா குரலைத் தாழ்த்தினாள்.

"என் புருஷனும் உங்க புள்ளையும் ஒரே கப்பல்ல போனாங்க. ரெண்டு பேரும் வெளியில நிக்கிறாங்கய்யா. நீங்கதான் கதவைப் பூட்டி வச்சிருக்கீங்க. அவங்களை விட்ருங்க."

நுமிசியஸ் காவலனைக் கையால் விலக்கிவிட்டு, சிவப்புக் கரை போட்ட வெள்ளை உடை சேற்றில் புரள, சிலைக்கு முன்னால் வந்து நின்றார். அந்தப் பாசி படிந்த முகத்தைப் பார்த்து வாயைத் திறந்தார்.

"டெசி..."

பாதிப் பெயரிலேயே குரல் உடைந்து, அத்தனை பெரிய மனிதர் விக்கி விக்கி அழுதார். மிச்சப் பெயரை ஹைலஸ் கூப்பிட்டான். பிறகு முர்டியா, பிறகு கரை முழுக்க. டெசிமஸ், டெசிமஸ் என்று குடில்களில் இருந்தவர்கள்கூட எழுந்து நின்று கூப்பிட்டார்கள்.

மூழ்கி எடுக்கும் ஆட்கள் நெப்டியூனைத் தோளில் ஏற்றினார்கள். நீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. ஒபில்லியா முகத்தைத் துடைத்துக்கொண்டு நகரத் தலைவரின் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கய்யா. என் முறை."

அவர் தள்ளி நின்றார். அவள் சாமியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, மூழ்கப் போகிறவள் மாதிரி மூச்சை இழுத்து, "பக்கூவியஸ்!" என்று கத்தினாள். மைதானத்தில் ஓடக் காத்திருந்த குதிரைகள் மிரண்டு கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பிவிட்டதாகக் கேள்வி. அவளுக்கென்ன கவலை? ஊர் முழுவதும் தன் புருஷன் பெயரைத் திருப்பிச் சொல்லும்வரை அவள் கத்தினாள்.