நான்காவது கேள்வி

அந்த வெளிநாட்டு ஊரில் தமிழர் யாராவது பிடிபட்டால் காவல் நிலையத்திலிருந்து மொழிபெயர்ப்பாளருக்குத்தான் போன் வரும். ஊரில் வேறு ஆள் கிடையாது. போலீஸ்காரர் முழ நீளம் பேசினால் இவர் சாண் அளவில் முடித்துவிடுவார்; அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. வேலை சீக்கிரம் முடிந்ததே என்று அவர்களும் தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள்.

வெல்டர் பிடிபட்ட அன்றும் அப்படித்தான். செம்புக் கம்பிச் சுருளோடு அவனைத் தொழிற்சாலை வாசலில் மடக்கியிருந்தார்கள். கழிவுக் கம்பிதான், சூப்பர்வைசரே எடுத்துக்கொள்ளச் சொன்னார் என்று சத்தியம் செய்தான். மேசைமேல் கைதானவரின் உரிமைப் படிவம், ஏழு கேள்விகள். நான்காவது, உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லட்டுமா என்பது. சொன்னால் அங்கிருந்து அதிகாரி வந்து பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம், தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் அதைப் படித்தார். படித்ததைச் சொல்லாமல் புத்தி சொன்னார்.

“தூதரகத்துக்குச் சொன்னா அவங்க உன் வீட்டுக்குப் போன் போடுவாங்க தம்பி. எல்லாரும் பதறிப் போயிடுவாங்க. இவங்க ரெண்டு நாள்ல விட்டுடுவாங்க, எதுக்கு வம்பு?”

வெல்டரின் மனைவிக்கு அது எட்டாம் மாதம். வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நல்ல எண்ணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு நாள் நான்கு மாதமானது. அதற்குள் சூப்பர்வைசர் ஒப்பந்தம் முடிந்து நாடு திரும்பிவிட்டார். அவரைத் தேடிப் பிடித்து ஒரு வாக்குமூலம் வாங்க வெல்டருக்கு நாதியில்லை. நான்கு வருடம் சிறை போட்டுவிட்டார்கள். அதே போன்ற வழக்கில் மாட்டிய வேறு நாட்டு டிரைவர் ஒருவனை அவன் தூதரகத்து ஆள் வந்து மூன்றே வாரத்தில் வெளியே கூட்டிப் போனார். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து மொழிபெயர்ப்பாளருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மேல்முறையீட்டில் புது வக்கீல் அந்தப் படிவத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தூதரக உரிமையை அவனுக்குப் புரியும்படி சொல்லவில்லை, ஆகவே மறு விசாரணை வேண்டும் என்றார். நீதிமன்றத்துக்கும் இவரையே கூப்பிட்டார்கள். எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனார். சொன்னால் மொழிபெயர்ப்பு உரிமம் போகும். போகட்டும் என்றுதான் இருந்தார்.

நீதிபதி அவரிடம் கேட்கவில்லை, வெல்டரிடம் கேட்டார். நான்காவது கேள்வியை உனக்கு முழுதாக விளக்கினார்களா? மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

வெல்டர் இவர் முகத்தைப் பார்த்தான். வக்கீல் பேசிய சட்ட நுணுக்கம் ஒன்றும் அவனுக்கு விளங்கியிருக்கவில்லை. அண்ணனை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். கூண்டில் நின்றவன் அவன். இரக்கப்பட்டவனும் அவன்தான்.

“அண்ணன் எல்லாம் தெளிவாத்தான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். அவரை ஒண்ணும் கேக்காதீங்க.”

நீதிபதி பேனாவோடு காத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டு, வெல்டர் சொன்னதை அப்படியே நீதிபதியின் மொழியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கால் மணி நேரத்தில் மனு தள்ளுபடியானது. அதையும் அவனுக்கு இவர்தான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.