புருசன் வேசம்

செத்துப்போன கிருஷ்ணராஜுக்கு முப்பதாம் நாள் கும்பிட்டு ஐந்து நாள் ஆகியிருந்தபோது, மாவனெல்லையிலிருந்து பஸீஹா மிஸ் இருளாயிக்குப் போன் எடுத்தார். அரநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஒரே நாளில் இரண்டு நாடகம். காலையில் மேல் டிவிசன், பின்னேரம் கீழ் டிவிசன்.

“விஜயகலாவுக்கு ஏலாதுண்டா வேற திகதி பாப்பம்,” என்றார். “நீங்க கேட்டுப் பாருங்க இருளாயிக்கா. வற்புறுத்த வேணாம்.”

இருளாயி போனை வைத்துவிட்டு அடுத்த வாசலுக்குப் போனாள். ருவான்வெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வரிசையில் அடுத்தடுத்த வீடுகளில், ஒரு சுவரின் இரண்டு பக்கமும் அவர்கள் முப்பது வருஷத்துக்கு மேலாகக் குடியிருந்தார்கள். இருளாயிக்கு ஐம்பத்தெட்டு வயது. கல்யாணம் கட்டவில்லை. விஜயகலா அவளுக்கு நான்கு வயது இளையவள். கிருஷ்ணராஜின் பெண்சாதி. ஒரே மகன் கொழும்பில் கடை வேலையில் இருந்தான்; முப்பது முடிந்த கையோடு திரும்பிப் போய்விட்டான். கலா விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டாமல், வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள்.

“என்னைக்குக்கா?”

“வியாழக்கெழம.”

“சரி, போவோம்.”

“சனம் ஏதாச்சும் பேசும் கலா. முப்பது இப்பத்தான் முடிஞ்சிச்சு.”

“பேசட்டும். வீட்டுல ஒக்காந்து நான் என்னத்தச் செய்யப் போறேன்.”

அவள் குரலில் துக்கமும் இல்லை, நிம்மதியும் இல்லை. வெகுநேரம் பஸ்ஸுக்கு நின்று அலுத்துப் போனவள் பேசுவதுபோல இருந்தது.

அவர்கள் நாடகம் ஆடத் தொடங்கி இருபத்தெட்டு வருஷம். கள்ளச் சாராயமான கசிப்புக்கு எதிராகத் தோட்டங்களில் நாடகம் போடவேண்டும் என்று பஸீஹா மிஸ்ஸின் பெண்கள் அமைப்பு ஆள் தேடியபோது, இந்தத் தோட்டத்தில் முதலில் பெயர் கொடுத்தவள் கலா. பெண்சாதி வேசம் அவளுக்கு. புருசன் வேசத்துக்கு ஒரு ஆம்பிளையைப் பிடித்திருந்தார்கள்; முதல் நாடகத்தன்றே அவன் குடித்துவிட்டு பங்களா ரோட்டில் விழுந்து கிடந்தான். இருளாயி அன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்தவள். நல்ல உயரம், அகலமான தோள், ரப்பர் பால் வாளி தூக்கித் தூக்கி உரமேறிய கை. பஸீஹா மிஸ் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆம்பிளைகள் கட்டும் ஒரு சாரத்தை நீட்டினார். கண் மையால் மீசை வரைந்தார்கள். அன்று கட்டிய வேசத்தை அவள் பிறகு கழற்றவே இல்லை.

டெங்கு, வெளிநாட்டு வேலை, வாக்குச்சீட்டு, மண்சரிவு என்று எத்தனையோ நாடகம் வந்து போனது. போகிற இடமெல்லாம் கேட்டது இந்தப் புருசன் பெண்சாதி நாடகத்தைத்தான். தோட்டத்துச் சனம் காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டுக் களத்தில் ஆடினார்கள், கோயில் முற்றத்தில் ஆடினார்கள். சிங்களச் சனம் கலந்திருக்கும் ஊர்களில் பாதி வசனத்தைச் சிங்களத்தில் போட்டு ஆடினார்கள். விடியற்காலையில் பால் வெட்டிக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே போய், ஆடிவிட்டு, நின்றுகொண்டே திரும்பினார்கள்.

முதல் இரண்டு வருஷம் இருளாயி எல்லா நாடகத்திலும் வரும் குடிகாரனைப் போலத்தான் ஆடினாள். தள்ளாடினாள், கத்தினாள், அவிழ்கிற சாரத்தை இழுத்துப் பிடித்தாள். சனம் சிரித்தது, பிறகு கலைந்து போனது. ஒரு நாள் ஓப்பநாயக்கவில் நாடகத்தின் நடுவே மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த மழைக்கு மேலாகக் கத்திக் கத்தி அவள் குரல் போய்விட்டது. மழை விட்டபோது பின்வரிசை எழும்பத் தொடங்கியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொண்டையை இரண்டு தரம் செருமினாள். சாரத்தின் ஓரத்தை முழங்காலுக்கு மேல் மெதுவாக மடித்தாள். பிறகு, பிரியமாக விசாரிப்பவனைப் போல, “சரி, இப்ப சொல்லு,” என்றாள்.

அது கிருஷ்ணராஜ். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அவள் வருஷக்கணக்காகக் கேட்ட குரல். அவன் கத்த மாட்டான். தோட்டத்தில் அவனுக்கு அமைதியான மனுசன் என்றுதான் பெயர். இரண்டு செருமல், அந்த மெதுவான குரல், அதன் பிறகு அடி.

கலா இரண்டடி பின்னால் போனாள். அவளுடைய இடது கை தானாக எழும்பிக் காதை மூடியது. அது பழகிய நடிப்பில் இல்லாதது. எழும்பியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். எழுதி வைத்தபடி பெண்சாதி அந்த இடத்தில் அழவேண்டும், அயல் பெண்கள் வந்து புருசனுக்குப் புத்தி சொல்லவேண்டும். கலா அழவில்லை. நேரே வந்து இரண்டு கையாலும் இருளாயியின் நெஞ்சில் ஓங்கித் தள்ளினாள். இருளாயி ஸ்டூலோடு மல்லாந்து விழுந்தாள். பெண்கள் கை தட்டினார்கள். சிலர் வந்து கலாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

“இனி இப்படியே ஆடுங்க,” என்றார் பஸீஹா மிஸ். அவருக்கு ஒன்றும் தெரியாது.

திரும்பி வரும்போது இரத்தினபுரி வரைக்கும் கலா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவிசாவளையில் பஸ் மாறும்போது, கோபமா என்று கேட்டுவிட வேண்டும் என்று இருளாயி நினைத்தாள். கேட்கவில்லை. அன்றைக்குக் கேட்காதது பிறகு எந்த நாளிலும் கேட்க முடியாததாகப் போய்விட்டது.

கலாவுக்காக அவள் ஒன்றும் செய்யாமல் இருந்தவள் இல்லை. கதவைத் தட்டியிருக்கிறாள், உள்ளேயிருந்து கலா, “ஒன்னுமில்லக்கா, நீங்க போங்க,” என்பாள். தோட்டத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் புருசன் பெண்சாதி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார், அந்தக் கிழமை அடி இரட்டிப்பாக விழுந்தது. ஒரு முறை அவர்களுடைய தோட்டத்திலேயே நாடகம் போட்டார்கள். கிருஷ்ணராஜ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். தன்னையே பார்த்தால் வெட்கப்படுவான் என்று இருளாயி ஒரு செருமல்கூடக் குறைக்காமல் ஆடினாள். முடிந்ததும் அவன் சிரித்துக்கொண்டே வந்து அவளுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தான்.

“நல்லா ஆடுற இருளாயி. அப்புடியே நம்ம மேல் லயத்து வேலுசாமி மாதிரி,” என்றான்.

ஒவ்வொரு நாடகத்திலும் கலா தள்ளினாள், இருளாயி விழுந்தாள். அது பொய்த் தள்ளல் இல்லை. இடுப்பு நோவு முதலில் இரண்டு நாளில் போனது, பிறகு இரண்டு கிழமை இருந்தது, இப்போது போவதே இல்லை. கொஞ்சம் மெதுவாகத் தள்ளு என்று அவள் ஒரு நாளும் சொல்லவில்லை. சிநேகிதியின் வீட்டுக்குள் நடப்பதை எடுத்து ஊர் ஊராக ஆடிக் காட்டுகிறவளுக்கு இது கிடைக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு விழுந்தாள்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு மேல் டிவிசன் பெரட்டுக் களத்தில் நாடகம் தொடங்கியது. கொழுந்து எடுக்கும் பெண்கள் ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். இருளாயி ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொண்டை வரைக்கும் வந்த செருமலை விழுங்கிக்கொண்டாள். எழும்பி, பழையபடி தள்ளாடினாள், ஊளையிட்டாள், போத்தலைத் தேடி ஸ்டூலின் அடியில் தவழ்ந்தாள். சிலர் சிரித்தார்கள். கலா எங்கே நிற்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியாதவளாக நின்றாள். கடைசியில் வந்து தோளைத் தொட்டுத் தள்ளினாள். விழுவதற்கு அதில் பலம் காணாது. இருளாயி தானாகக் குந்தி உட்கார்ந்தாள்.

வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்து விறாந்தையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பஸீஹா மிஸ் கீழ் டிவிசனில் இடம் பார்க்கப் போயிருந்தார்.

“ஏன்க்கா அப்புடி ஆடுனீங்க?” என்று கலா கேட்டாள்.

“எப்புடி?”

“ஆரம்பத்துல ஆடுன மாதிரி. ஊளையிட்டுக்கிட்டு.”

இருளாயி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். “அந்த மனுசன் போயி ரெண்டு மாசம்கூட ஆகல. அத நான் எப்புடிச் செய்றது?”

“எத?”

“தெரியாத மாதிரிக் கேக்காத கலா. செருமுறது, சாரத்த மடிக்கிறது, எல்லாம் ஒன் வீட்டுல எடுத்தது. சொவத்துக்கு இந்தப் பக்கம் கெடந்து கேட்டு எடுத்தது.”

“தெரியும். ஓப்பநாயக்கவுலயே தெரியும்.”

“நீ ஒன்னும் சொல்லலையே.”

“நீங்களும் சொல்லல.”

இருளாயி கையைப் பார்சல் ஓரத்தில் துடைத்தாள். அவளால் சாப்பிட முடியவில்லை. “ஒன் வேதனைய எடுத்து ஊர் ஊரா ஆடுனேன். அதுக்குத்தான் நீ என்னயத் தள்ளுறன்னு நெனச்சேன். தள்ளட்டும், அவளுக்கு ஆத்திரம் இருக்கும்னுதான் விழுந்தேன்.”

கலா அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

“ஒங்களையா? ஒங்கள நான் ஏன்க்கா தள்ளணும்?” பார்சலைக் கீழே வைத்தாள். “அவரத்தான் தள்ளுனேன். வீட்டுல ஒரு நாளும் கை ஓங்க முடிஞ்சதில்ல. ஓங்கணும்னு நெனச்சாலே கையி காதுக்குப் போயிரும். நாடகத்துலதான் முடிஞ்சிச்சு. பஸ் ஏறுறப்பவே, இன்னைக்கு அந்தாளத் தள்ளலாம்னுதான் ஏறுவேன். காய்ச்சலோட எத்தன தடவ வந்திருக்கேன்.”

“அந்த வார்த்தையக் கேக்குறப்ப ஒனக்கு நோகலையா?”

“நோகும். ஒங்க கொரல்ல கேக்குறப்ப கொஞ்சம் கம்மியா நோகும்.” அவள் இருளாயியின் பார்சலைப் பார்த்தாள். “சாப்புடுங்க. மூணு மணிக்கு ஒழுங்கா ஆடுங்க.”

இருளாயி அழவில்லை. இடுப்பு வலித்தது. இத்தனை வருஷமும் தண்டனை என்று சுமந்தது தண்டனை இல்லை என்று தெரிந்தபோது சந்தோஷம் வரவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வரவில்லை. களைப்பு மட்டும்தான் வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டாள்.

கீழ் டிவிசனில் சனம் கூடுதல். ஆம்பிளைகளும் சிலர் வேலியோரம் நின்றார்கள். இருளாயி ஸ்டூலில் உட்கார்ந்தாள். இரண்டு தரம் செருமினாள். சாரத்தை மடித்தாள்.

“சரி, இப்ப சொல்லு.”

களம் அடங்கியது. கலாவின் கை அசைந்தது, ஆனால் காதுக்குப் போகவில்லை. அவள் பின்னால் நகரவும் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று பார்த்தாள். பிறகு நடந்து வந்து இருளாயியின் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்தாள். இருளாயி விழுவதற்குத் தயாராக மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

கலா தள்ளவில்லை. கைகளின் கனம் மட்டும் இருளாயியின் மேல் இருந்தது. மை மீசையும் வியர்வையுமாக இருந்த அந்த முகத்தை அவள் பார்த்தாள். அங்கே தள்ளுவதற்கு யாரும் இல்லை என்பதை அப்போதுதான் கண்டவள்போல, கைகளை எடுத்துக்கொண்டு, ஸ்டூலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“எனக்குக் களைப்பா இருக்கு,” என்றாள். அது வசனம் இல்லை.

இருளாயிக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. அவளும் ஸ்டூலை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். முடிந்துவிட்டதா இல்லையா என்று சனம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. பஸீஹா மிஸ் முன்னால் வந்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார். முன்வரிசையில் பிள்ளையை மடியில் வைத்திருந்த ஒரு பெண், கையைத் தூக்காமலே கேட்டாள்.

“கடைசியில அந்தாளு திருந்துனாரா?”

“இல்ல,” என்றாள் கலா. “செத்துட்டாரு.”

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் அவள் பிள்ளையோடு அங்கேயே நின்றாள். கலா அவளைக் கூட்டிக்கொண்டு வேலியோரம் போனாள். என்ன பேசினார்கள் என்று இருளாயிக்குக் கேட்கவில்லை. பஸீஹா மிஸ்ஸின் போன் நம்பரைக் கலா ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பதையும், அந்தப் பெண் அதைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வதையும் மட்டும் கண்டாள்.

மாவனெல்லையில் பஸ் மாறினார்கள், கேகாலையில் மாறினார்கள். கேகாலையில் ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

“இனி என்னால விழ ஏலாது கலா,” என்றாள் இருளாயி.

“விழ வேணாம். இன்னைக்கு மாதிரி ஒக்காருவோம்.”

“நாடகம் அதுல முடியுமா?”

“முடிஞ்சிச்சுதானே.”

லயத்துக்கு வந்து சேரும்போது இருட்டியிருந்தது. கலா தன் கதவைத் திறக்காமல் இருளாயியின் பின்னாலேயே உள்ளே வந்தாள். இருளாயி உலை வைத்து, அரிசி களைந்து போட்டாள். திரும்பிப் பார்த்தபோது கலா, நாடகத்துக்குக் கட்டிய சேலையோடு பாயில் சுருண்டு தூங்கிப்போயிருந்தாள். இரண்டு கையும் கன்னத்துக்குக் கீழே இருந்தன. இருளாயி அவளை எழுப்பவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, வலிக்கிற பக்கத்துக் காலை நீட்டி, சோறு வேகும்வரை உட்கார்ந்திருந்தாள்.