எந்த ஃபைனலை அழிப்பது?

ஒரகடத்தில் இருக்கும் அந்தப் பயிற்சி மையத்தின் ஆன்லைன் பாடத்தளம் ஒரு திங்கட்கிழமை காலை அடம்பிடிக்கத் தொடங்கியது. பிள்ளைகள் தங்கள் செய்முறை வீடியோவை ஏற்றப் போனால், ‘இடம் இல்லை’ என்று சிவப்பு எழுத்தில் காட்டிவிட்டு நின்றுகொண்டது. வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றாவிட்டால் மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே டிப்ளமோ படிப்பவர்கள். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி முயன்று பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக எவாஞ்சலினுக்கு போன் போட்டார்கள்.

எவாஞ்சலின்தான் அந்தத் தளத்தைக் கவனித்துக்கொள்கிறவள். குன்றத்தூரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கூடுதல் இடம் கேட்டு மேலிடத்துக்கு எழுதினாள். “இருக்கறதை ஒழுங்கா வெச்சுக்கோங்க” என்று பதில் வந்தது. சரி, யார்தான் இவ்வளவு இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தேடினாள். பாதிக்கு மேல் ஒரே ஆள்: கண்ணப்பன் சார்.

காற்றழுத்தத்தில் ஓடும் இயந்திரங்களைப் பற்றிப் பாடம் எடுப்பவர் அவர். தண்டலத்துக்காரர். தங்கமான மனுஷர்தான், ஆனால் தன் வீடியோ எதிலும் அவருக்குத் திருப்தி வராது. எடுப்பார், போட்டுப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், மறுபடி எடுப்பார். கடைசியில் போனில் இருப்பதை எல்லாம் மொத்தமாக ஏற்றிவிடுவார். ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘கரெக்ட் ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று ஒரே பாடம் வரிசை கட்டி நின்றது.

எவாஞ்சலின் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள்.

“சார், ஒண்ணை வெச்சுக்கிட்டு மத்ததை அழிச்சிடலாமா?”

“எத்தம்மா அழிக்கறது?” கண்ணப்பன் திரைக்கு அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். “இதுல வெளிச்சம் நல்லா கீது. இதுல சட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கினு கீறேன். இத பாரு, ‘அழுத்தம்’னு சொல்றப்ப ழகரம் எப்படி வந்துகீது!”

ழகரம் உண்மையிலேயே பிரமாதமாகத்தான் வந்திருந்தது. எவாஞ்சலின் ஒப்புக்கொண்டாள். ஆனால் யார் எதை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையும் தளம் காட்டுமே. பெரும்பாலானவர்கள் சார் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் வெளியே போயிருந்தார்கள். கண்ணப்பனின் முகம் வாடியது.

“இருங்க சார். இதை எல்லாரும் முழுசா பார்த்திருக்காங்க. திரும்பத் திரும்ப வேற.” பெயர்கூட வைக்காத வீடியோ ஒன்றைக் காட்டினாள்.

“இது இன்னாது? நான் ஏத்தவே இல்லியே.”

“மொத்தமா ஏத்தினதுல இதுவும் சேர்ந்து வந்திருக்கும் சார்.”

அந்த நேரம் இசக்கிசெல்வி உள்ளே வந்தாள். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண். ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை, வல்லக்கோட்டையில் ஹாஸ்டல். தன் வீடியோ ஏறவில்லை என்று முறையிட வந்தவள், திரையைப் பார்த்ததும் பதறிவிட்டாள்.

“மேடம், அத மட்டும் அழிச்சிராதீங்க! எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் அதத்தான் பாக்கோம்.”

கண்ணப்பன் மலர்ந்து போனார். “போடும்மா, பாக்கலாம்.”

எவாஞ்சலின் ஓடவிட்டாள். வீடியோவில் அவர், காற்று தள்ள முன்னும் பின்னும் போய்வரும் சிலிண்டர் ஒன்றைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. கையில் பிசுக்கு, அதனால் ஸ்பீக்கரில் போடுகிறார். அவர் மனைவி காவேரியின் குரல் அறையை நிறைக்கிறது.

“யோவ், எங்க கீற? கசகசா வாங்கினு வரச் சொன்னேனே, மறந்துட்டியா? குருமா கொதிச்சிக்கினு கீது!”

“கிளாஸ் எடுத்துக்கினு கீறேன், காவேரி…”

“ஆமா, பெரிய கிளாஸ்!”

“இரு, இரு. புஸ்ஸுனு ஒரு சத்தம் வருது.”

“நான் பேசறது உனக்கு புஸ்ஸுனு கேக்குதா?”

கண்ணப்பன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பல மாதங்களாக அவரை உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயம் இப்போதுதான் விளங்கியது. வழியில் பார்க்கும் பிள்ளைகள் எல்லாம், “சார், கசகசா வாங்கியாச்சா?” என்று கேட்பார்கள். பாதிப்பேர் தெற்கத்திப் பிள்ளைகள்; அந்தப் பக்கம் இப்படித்தான் நலம் விசாரிப்பார்கள்போல என்று நினைத்து, அவரும் மரியாதையாக, “வாங்கியாச்சு, வாங்கியாச்சு” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“இத்த மொதல்ல அழி!”

“சார், மிச்சத்தையும் பாருங்களேன்,” என்றாள் இசக்கிசெல்வி.

மிச்சத்தில் அவர் காதைக் குழாய் மேல் வைத்துக் கேட்கிறார். சோப்புத் தண்ணி ஊற்றுகிறார். குழாய் செருகியிருக்கும் ஓர் இடத்தில் குமிழி கொப்பளிக்கிறது. காற்றுக்குழாயைப் பிடுங்கி, நுனி சாய்வாக வெட்டப்பட்டிருப்பதைக் காட்டுகிறார். நேராக வெட்டிச் செருகுகிறார். சத்தம் நிற்கிறது. கேமரா ஓடுவதே அவருக்கு நினைவில் இல்லை.

“எங்க கம்பெனி லைன்ல ஒரு சிலிண்டர் மெதுவா போச்சு சார். இதே மாதிரிதான் செஞ்சு பாத்தோம், இதே கோளாறுதான். ‘யாரு சொல்லிக்குடுத்தா’ன்னு சூப்பர்வைசர் கேட்டாரு. ஒருத்தி அவசரத்துல ‘காவேரி அக்கா’ன்னு சொல்லிட்டா.”

எவாஞ்சலின் சிரிப்பை அடக்கக் குனிந்து கீபோர்டைத் துடைத்தாள். போன் பேச்சை மட்டும் வெட்டித் தரச் சொன்னார் கண்ணப்பன். அவளும் முயன்று பார்த்தாள். ஆனால் காற்று கசியும் சத்தம் காவேரியின் பேச்சுக்கு நடுவில்தான் ஆரம்பிக்கிறது. அதை எடுத்துவிட்டால், அவர் ஏன் திடீரென்று குழாயில் காதை வைக்கிறார் என்றே புரியவில்லை.

கண்ணப்பன் அதை இன்னொரு முறை ஓடவிடச் சொல்லிப் பார்த்தார்.

“சரி, இது இருக்கட்டும். மத்ததெல்லாம் தூக்கிடும்மா.”

“அயர்ன் சட்டை?”

“தூக்கிடு.”

“ழகரம், சார்?”

அதற்குத்தான் தயங்கினார். “அத என் போனுக்கு அனுப்பிட்டுத் தூக்கிடு.”

இடம் காலியானது. இசக்கிசெல்வி அங்கேயே நின்று தன் வீடியோவை ஏற்றினாள். ஏறியதும் ஹாஸ்டல் குழுவில் செய்தி போட்டாள்.

காவேரிக்கு வேறு யாராவது சொல்வதற்குள் தானே காட்டிவிடுவது நல்லது என்று கண்ணப்பனுக்குத் தோன்றியது. அன்று சாயங்காலம் பயந்துகொண்டே போனை நீட்டினார். காவேரி எதிர்பார்த்தபடியே கத்தினாள். ஊரே கேட்கிற மாதிரியா ஸ்பீக்கரில் போடுவது என்றாள். தன் குரல் இவ்வளவு கட்டையாகவா இருக்கும் என்று வேறு கேட்டாள். ஆனால் அதோடு நிறுத்தாமல் கடைசி வரை பார்த்தாள்.

“ஏன்யா, சாய்வா வெட்னா இன்னா ஆவுது?”

வீட்டுக்காரர் என்ன வேலை என்று யார் கேட்டாலும், “மெஷினு வேலை” என்று மட்டும் சொல்லிப் பழகியவள் அவள். கண்ணப்பன் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து போய், பால்கனியில் கிடந்த பழைய ரப்பர் தண்ணீர்க் குழாயையும் கத்தியையும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தார். காவேரி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.