கண்ணாடிக்குக் கொஞ்சம் காற்று

விடியும் முன்பே பட்டறைத் தரை வழுக்கும். இரவு ஷிப்ட் விட்டுப்போன எண்ணெய் சிமென்ட்டின் மேல் தோலாகப் படிந்திருக்கும். மூத்தவள் மரத்தூளை அள்ளி இறைத்து, துடைப்பத்தால் அழுத்தித் தள்ளியபடியே தன் மெஷின்வரை வழி செய்துகொள்வாள். இரும்புத் துருவலை வாரும்போது கையுறையின் ஓட்டை வழியாக ஒன்றிரண்டு விரலில் ஏறும். பல்லால் கடித்துப் பிடுங்கித் துப்பிவிட்டு அடுத்ததை வாருவாள்.

மூத்தவள், இளையவள் என்றுதான் அங்கே அவர்களைச் சொல்வார்கள். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே பஸ். மூத்தவளின் புருஷன் இதே பட்டறையில், இரும்பை உரசித் தேய்க்கும் கிரைண்டிங் மெஷினில் நின்றவர். இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். எண்ணெய்ப் புகை நெஞ்சில் இறங்கிவிட்டதென்றார் டாக்டர். பிறவியிலேயே நோஞ்சான் என்றார் முதலாளி. அவர் இடத்துக்கு அவளை எடுத்துக்கொண்டார்கள்; ஆனால் அவர் நின்ற மெஷினைக் கொடுக்கவில்லை. அது பின்னால் வேலைக்கு வந்த இளையவளுக்குப் போயிற்று. பிடிமானம் தேய்ந்த அந்தக் கைச்சக்கரத்தை இன்னொருத்தி திருகுவதைப் பார்க்கும்போதெல்லாம் மூத்தவளுக்கு அடிவயிறு எரிந்தது.

எல்லாம் பழைய மெஷின்கள். ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும், மூடிக்குள்ளே, நீளமாக ஒரு கண்ணாடிப் பட்டை. அதில் மயிரிழையிலும் மெல்லிய கோடுகள். ஒரு சின்ன பல்பும் எதிரே ஒரு கண்ணும், இரும்புத் துண்டைச் சுமந்து ஓடும் டேபிளோடு கூடவே ஓடி, கோடுகளை எண்ணி, டேபிள் எங்கே நிற்கிறது என்று மெஷினுக்குச் சொல்லும். எண்ணெய்ப் புகை கண்ணாடியில் படிந்தால் கண்ணுக்கு எட்டும் வெளிச்சம் குறையும். படியாமலிருக்க, ஒரு குழாய் வழியாக மூடிக்குள் சுத்தமான காற்று ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வெளிச்சம் போதுமென்றால் முகப்பில் பச்சை, குறைந்தால் மஞ்சள். சிவப்பு எரிந்தால் மெஷின் நின்றுவிடும். நின்ற நேரத்துக்குக் கூலி இல்லை.

கரன்ட் செலவு தாங்கவில்லை என்று குழாய்களுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரஸரை முதலாளி பாதியாகக் குறைத்தார். அன்றிலிருந்து பட்டறை முழுக்க மஞ்சளும் சிவப்பும்தான். பக்கத்து மெஷினின் வால்வை யாரும் பார்க்காதபோது திருகித் தன் பக்கம் காற்றை இழுத்துக்கொள்வது பழக்கமாயிற்று. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இளையவளின் மெஷினில் மட்டும் எந்நேரமும் பச்சை. சம்பள நாளில் அவள் கவர்தான் கனம்.

எந்நேரமும் கழுத்தில் மீட்டரைத் தொங்கவிட்டுக்கொண்டு திரியும் எலெக்ட்ரீஷியனுக்கு மீட்டர் என்றே பட்டப்பெயர். அவன் தினமும் இளையவளின் மெஷினுக்குப் போய் மூடியைத் திறந்து ஏதோ செய்துவிட்டு வந்தான். "காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு தெரியுதுல்ல?" என்று லேத்துக்காரர் கண்ணைச் சிமிட்டினார். மூத்தவள் சிரிக்கவில்லை. இளையவளுக்கென்று தனிக் குழாயே போட்டுக் கொடுத்திருப்பான் என்று முடிவு கட்டினாள். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அன்று காலை, வீட்டில் தண்ணீர் பிடிக்க இளையவளை விட்டுவிட்டு, முதல் பஸ்ஸில் வந்தாள். இரவு ஷிப்ட்காரன் பல் துலக்கப் போயிருந்தான். இளையவளின் மெஷின் ஓடாமல் விளக்கு மட்டும் எரிந்தது. ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடியை இறக்கினாள்.

தனிக் குழாய் எதுவும் இல்லை. இருந்த குழாயின் வாயில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சே இல்லை. கண்ணாடி முழுக்கப் பழுப்பு ஏடு. அதற்குப் பின்னால் பல்பு, கண் கூசும்படி, வெள்ளை வெளேரென்று எரிந்துகொண்டிருந்தது. அதன் உச்சி கறுத்துப்போயிருந்தது. பக்கத்தில், சிவப்பு வந்தால் மெஷினை நிறுத்தும் ஒயரைத் துண்டித்து வேறெங்கோ முடிச்சுப் போட்டிருந்தார்கள்.

அவள் புருஷன் சோற்றுத் தட்டின் முன்னால்கூட மெஷினைப் பற்றித்தான் பேசுவார். கண்ணாடியைத் துடைக்காமல் பல்பின் வெளிச்சத்தை ஏற்றுகிறவன் கொலைகாரன் என்பார். எத்தனை அழுக்கு இருந்தாலும் பச்சை காட்டும். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் பல்பு போகும். தான் எங்கே நிற்கிறோமென்று தெரியாமல் டேபிள் பாயும். அப்போது கை உள்ளே இருந்தால், கை இல்லை.

மூத்தவள் மூடியைத் தூக்கிப் பொருத்தினாள். எனக்கென்ன வந்தது என்று ஒரு ஸ்க்ரூவை முடுக்கினாள். இந்தப் பச்சை அணையட்டும், கவர் இளைக்கட்டும், அப்புறம் தெரியும். இரண்டாவது ஸ்க்ரூவையும் முடுக்கினாள்.

இளையவள் மூச்சிரைக்க வந்தாள். மூத்தவள் மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டுப் பையும் அவள் கையில் இருந்தது. அதை ஸ்டூலில் வைத்துவிட்டு, மெஷினை ஓடவிட்டு, எப்போதும்போல டேபிளைத் துடைக்கக் கையை உள்ளே நீட்டினாள்.

"கைய எடு."

"என்னக்கா?"

"கைய எடுடின்னா."

மூத்தவள் சிவப்புப் பொத்தானை அறைந்தாள். மெஷின் முனகி நின்றது.

இளையவளுக்கு முகம் சிவந்தது. "எனக்குத் தெரியும். வந்த நாள்லேர்ந்து இந்த மெஷின் மேலதான் உங்க கண்ணு."

"ஆமா, கண்ணுதான். இப்ப நீ உன் கண்ணால பாரு." மூடியைக் கழற்றிக் காட்டினாள்.

இளையவள் அந்த வெள்ளை வெளிச்சத்தையே பார்த்தாள். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "நானும் உங்களப் பாத்து வயிறெரிஞ்சிருக்கேன்கா. உங்களுக்கு சிவப்பு வந்தா நீங்க உக்காருவீங்க. எனக்குத்தான் வரவே வராது. ஒண்ணுக்குப் போகக்கூட விட்டதில்ல."

மூத்தவள் கழற்றிய மூடியைத் தரையில் சாய்த்து வைத்தாள்.

வேலைக்கு வந்தவர்கள் கூடினார்கள். மீட்டரை நடுவில் நிறுத்தினார்கள். அவசர ஆர்டர் என்பதால் அந்த மெஷின் நிற்கவே கூடாதென்று முதலாளி சொன்னதையும், தினமும் பல்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியதையும் தரையைப் பார்த்துக்கொண்டே ஒப்புக்கொண்டான். அடுத்து லேத்துக்குப் பக்கத்து மெஷினிலும் ஒயரை வெட்டச் சொல்லியிருக்கிறாராம். லேத்துக்காரர் அன்று கண் சிமிட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அந்த மூடியைத் தானே திறந்தார். ஒவ்வொருவராகத் திறந்தார்கள். எல்லாக் கண்ணாடியிலும் அதே பழுப்பு ஏடு.

முதலாளி கார்ச் சாவியைச் சுழற்றியபடி உள்ளே வந்தார்.

"யாரு மூடியத் திறக்கச் சொன்னது?"

"காத்து இல்ல சார், கண்ணாடியெல்லாம் புகை ஏறிக் கெடக்கு," என்றார் லேத்துக்காரர்.

"முழு கம்ப்ரஸரும் ஓடினா பில்லு உங்கப்பனா கட்டுவான்?"

"கை போனா நீங்க கட்டுவீங்களா?" என்றாள் மூத்தவள். "கண்ணாடிக்கே காத்து பத்தல. இதே புகையைத்தான் நாங்களும் இழுக்கறோம். இழுத்து ஒருத்தர் போயிட்டாரு."

முதலாளி சாவியைச் சட்டைப்பையில் போட்டார். குரல் தணிந்தது. "உன் மனசு எனக்குப் புரியுதும்மா. உன் புருஷன் மெஷின்தானே வேணும்? இன்னியிலேர்ந்து நீயே நில்லு. வேற பல்பு போடச் சொல்றேன், உனக்கு மட்டும் தனியா காத்து விடச் சொல்றேன். இந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பிடலாம்."

பட்டறை அவளைப் பார்த்தது. இளையவள் மட்டும் பார்க்கவில்லை. ஸ்டூலில் இருந்த சாப்பாட்டுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூத்தவளின் கை தானாகவே அந்தத் தேய்ந்த கைச்சக்கரத்துக்குப் போயிற்று. அவருடைய உள்ளங்கை தேய்த்த பள்ளத்தில் அவள் கட்டைவிரல் சரியாக உட்கார்ந்தது. எத்தனை நாள் ஆசை. பொய் சொல்வானேன், அந்த நொடியும் அது வேண்டும் என்றே இருந்தது.

அந்த மெஷினின் சுவிட்சை அணைத்தாள். கையை எடுத்து, முந்தானையைச் சுற்றிக்கொண்டு, பல்பைக் கழற்றினாள். துணிக்கு மேலாகவும் சுட்டது. அதை முதலாளியின் எதிரே இருந்த மேஜைமேல் வைத்தாள்.

"எல்லா மெஷினுக்கும் காத்து வரட்டும் சார். வெட்டின ஒயரு சேரட்டும். அதுவரைக்கும் இதுல யாரும் நிக்க மாட்டோம். நானும்தான்."

"அப்போ எல்லாரும் வெளிய போங்க."

யாரும் போகவில்லை. இதுவரை திருட்டுத்தனமாக வால்வைத் திருகிய கைகளெல்லாம் மெஷின்களை ஒவ்வொன்றாக அணைத்தன. கடைசியாக மீட்டர் பட்டறையின் மெயின் சுவிட்சையே இறக்கினான். அத்தனை வருஷத்தில் முதல்முறையாகப் பட்டறைக்குள் தெருச் சத்தம் கேட்டது. முதலாளி அறைக்குள் போய் போனை எடுத்தார். அவர் சொல்லி யாரோ வெளியே கேட்டை இழுத்துப் பூட்டும் சத்தமும் சற்றைக்கெல்லாம் கேட்டது. போலீஸ் வரலாம், நாளை புது ஆட்கள் வரலாம், யாருக்கும் தெரியாது.

சும்மா உட்காருவானேன் என்று மூத்தவள் ஸ்பிரிட் புட்டியையும் பஞ்சுத் துணியையும் எடுத்து வந்தாள். ஓரகத்திகள் கண்ணாடிப் பட்டையின் ஆளுக்கொரு முனையில் குந்தித் துடைக்கத் தொடங்கினார்கள். பழுப்பு ஏடு விலகி, கோடுகள் மெல்லத் தெளிந்தன. இளையவள் பாதி தூரம் வந்துவிட்டாள். அவள் துடைத்த இடம் பளிச்சென்றிருந்தது. மூத்தவளின் பக்கம் இன்னும் திட்டுத் திட்டாகத்தான் கிடந்தது.

மூத்தவளுக்கு லேசாக வயிறு எரிந்தது.

"மெதுவாப் போடி," என்றாள். "நானும் வரேன்ல?"

இளையவள் கையை நிறுத்திக் காத்திருந்தாள்.