கலுங்கில் நின்ற மாடன்

காலையிலிருந்து கொட்டிய மழையில் செம்பூர்க் குன்றின் கல்குவாரிக் குட்டை நிறைந்துகொண்டிருந்தது. வானமாமலை கடப்பாரையோடு கரைமேல் ஓடினான். அந்தக் குட்டையை வரைந்து கட்டிய இன்ஜினியர் அவன். குவாரிச் சேறு தேவ்நார்ச் சாக்கடைகளை அடைக்காமல் இங்கேயே படியட்டும் என்று மண்கரை போட்டு, பெருமழையின் மிச்சநீர் வெளியேற, ஓரத்தில் கரையைவிட இடுப்பளவு தாழ்வாக ஒரு கல் கலுங்கு வைத்திருந்தான். குன்றில் விழுகிற தண்ணீர் அத்தனையும் அதன் வழியே போய்விட வேண்டும். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கலுங்கின் நடுவில் சுடலைமாடன் நின்றார்.

தை மாதத்தில் குவாரி ஆட்கள் வைத்துவிட்டார்கள். அவர்கள் ஊரான திருநெல்வேலிப் பக்கம் குளத்துக் கலுங்குக்குப் பக்கத்தில் மாடன் இருப்பார், கலுங்குக்குள் இருக்கமாட்டார். ஆனால் சாம்பல் சேறு கிடந்த அந்தப் பள்ளத்தைக் குளம் என்று அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. காய்ந்த கல்தளம், சமமான இடம். பீடம் எழுப்பி, நாய் ஏறாமலிருக்க இருபுறமும் கலுங்கின் வாயை அடைத்துச் சுவரும் கட்டிவிட்டார்கள். வானமாமலை எடுக்கச் சொன்னான். மேஸ்திரி பூதத்தான்தான் சாமியாடி. கொடைத் திருவிழா முடியட்டும் என்றான். முடிந்ததும், பீடத்தடியில் பிடிமண் எடுத்துத்தான் சாமியை இடம் மாற்ற முடியும், மாடன் என்மேல் இறங்கி உத்தரவு தரட்டும் என்றான். வைகாசி முழுக்க மாடன் இறங்கவில்லை. பீடம் வந்த பிறகு குவாரியில் பூதத்தானை எதிர்த்துப் பேச ஆளில்லை. அந்த அதிகாரத்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனமில்லை.

கரைக்குக் கீழே குவாரி ஆட்களின் குடிசைகள். பெண்களும் பிள்ளைகளும் உள்ளே ஒண்டியிருந்தார்கள். வெளியே வரச் சொல்லி வானமாமலை கத்தியதற்கு, மேஸ்திரி சொல்லட்டும் என்றார்கள். மண்கரைமேல் ஒரு சாண் தண்ணீர் வழிந்தால் போதும், கரை அறுந்து சேறு மொத்தமும் அவர்கள்மேல் இறங்கும்.

பூதத்தான் அரிவாளோடு பீடத்தின் முன் நின்றான்.

"கைய வச்சா கை இருக்காதுவே."

"கரை அறுந்தா உன் பொண்டாட்டியும்தான் போவா."

"மாடன் நிக்க எடத்துல கரை அறுக்குமாவே?"

வானமாமலை சுவரில் கடப்பாரையை இறக்கினான். அரிவாள் அவன் காதைச் சீவிக்கொண்டு தோளில் பதிந்தது. வானமாமலை திரும்பி, பாறையைக் குத்துவதுபோலக் கடப்பாரையால் பூதத்தானின் முழங்கையில் குத்தினான். எலும்பு முறிகிற சத்தம் மழையிலும் கேட்டது. அரிவாள் குட்டையில் விழுந்தது. பூதத்தான் மிச்சமிருந்த கையால் அவன் குரல்வளையைப் பிடித்தான். இருவரும் தளத்தில் உருண்டார்கள். குரல்வளையை விட்ட கையின் கட்டைவிரல் கண்ணுக்குள் இறங்கும் முன் வானமாமலை அந்த விரலைக் கடித்தான், வாயில் ரத்தம் வரும்வரை விடவில்லை. பிறகு பூதத்தானின் முழங்காலை மிதித்து உடைத்தான். எழுந்து கடப்பாரையைத் தூக்கப் பார்த்தான். வெட்டுப்பட்ட தோள் எழவில்லை. கரையில் ஏறிச் சாய்ந்தான்.

பூதத்தானின் மனைவி ஆறுமுகத்தாய் கரையேறி வந்தாள். குடிசைக் கூரைமேல் சேற்றுத் தண்ணீர் விழுகிறது என்றாள். கரையின் உச்சியில் நூல்போல ஒரு வாய்க்கால் அறுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"எந்திரிங்க. பிடிமண் எடுங்க."

பூதத்தான் ஊர்ந்துபோய் பீடத்தைக் கட்டிக்கொண்டான். "பொம்பள தொட்டா ரத்தம் கக்கிச் சாவ."

அவள் பீடத்தடியில் ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்தாள். கடப்பாரையை எடுத்தாள்.

"வந்துருங்க. கடைசியாச் சொல்லுதேன்."

அவன் அவள் முகத்தில் துப்பினான்.

அவள் கரையோரமாக நின்று சுவரை இடித்தாள். கல் பெயர்ந்ததும் குட்டைத் தண்ணீர் மொத்தமும் கலுங்குக்குத் திரும்பியது. சுவரோடும் பீடத்தோடும் பூதத்தானும் அடித்துக்கொண்டு போனான். கலுங்குக்குக் கீழே சரிவு. சரிவின் அடியில், வருகிற தண்ணீரின் வேகத்தை உடைக்க வானமாமலை முனை தூக்கிய பாறைகளைப் பதித்திருந்தான். பூதத்தானின் தலை அவற்றில் மோதி உடைந்தது. தண்ணீர் அவனைப் பாறைகளுக்கிடையில் வைத்துத் திருகிற்று.

கரைமேல் வழிவது நின்றது.

குவாரியிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். பூதத்தானின் தம்பி செல்லப்பாண்டி வானமாமலையைக் கீழே தள்ளி, ஒரு கல்லைத் தலைக்குமேல் தூக்கினான்.

"அவர விடு. இடிச்சது நான்" என்றாள் ஆறுமுகத்தாய்.

செல்லப்பாண்டி கல்லைப் போட்டுவிட்டு அவள் வாயில் அறைந்தான். அவள் ரத்தத்தைத் துப்பினாள், நகரவில்லை.

"ஒம் பிள்ளையளும் கீழதாம்லே கெடந்துச்சு. போய்ப் பாரு."

அவன் கீழே குடிசைகளைப் பார்த்தான். பிறகு பாறைகளுக்கிடையில் உருண்டுகொண்டிருந்ததைப் பார்த்தான். அண்ணனை எடுக்க வேண்டும் என்று அழுதான். அந்த வேகத்தில் ஆள் இறங்க முடியாது. கலுங்கை அடைத்தால்தான் எடுக்க முடியும் என்றார்கள். சாக்கும் மண்ணும் கொண்டுவர இரண்டு பேர் கிளம்பினார்கள். வானமாமலை வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். போனவர்கள் ஆறுமுகத்தாயின் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

"மழை விடட்டும்" என்றாள்.

மறுநாள் மத்தியானம்தான் விட்டது.